பயிற்சி அலுவலர் ஷம்ஸா

ஷம்ஸா என்ற மணல்மேடு, மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, குளிர்க்கிடங்குக் கம்பெனியின் மனிதவளப் பிரிவில் பயிற்சி அலுவலராக வேலைக்குச் சேர்ந்தது. சேர்க்கைப் படிவத்தை நிரப்பியவள் பிரிவின் மேலாளர் ரோஸ்லெட். பெயர், பிறந்த இடம், உயரம் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவள், பிறந்த தேதி என்ற கட்டத்துக்கு வந்ததும் சற்று நிறுத்தினாள். பிறகு 'தெரியவில்லை; ஆனால் உள்ளூர்' என்று எழுதினாள். வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அந்த இரண்டாவது தகவல்தான் வேண்டியிருந்தது.

கோர் மர்ஜான் வளைகுடாவில் ஒரு சிறிய துறைமுக ஊர். கம்பெனிகளில் நூற்றுக்கு முப்பது பேர் உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் வந்ததும், முதல் இரண்டு வருடத்திலேயே ஊரில் இருந்த மனிதர்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகும் பல கம்பெனிகளில் கணக்கு நிரம்பவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இந்தக் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பத்ரிய்யா என்ற இளம் அதிகாரி அதை ரோஸ்லெட்டிடம் வருத்தமில்லாமல் சொன்னாள்.

"என் தம்பிக்கே மூன்று வேலை, சிஸ்டர். காலையில் வங்கி, மத்தியானம் விமான நிலையம், சாயங்காலம் நகராட்சி. அவனை வீட்டில் பார்க்க வேண்டுமானால் நாங்கள் டோக்கன் எடுக்க வேண்டியிருக்கிறது."

ஆகவே மூன்றாவது வருடம் உள்ளூர் என்ற சொல்லுக்கு அரசு புதிய விளக்கம் கொடுத்தது. இந்த மண்ணில் உருவாகியிருக்க வேண்டும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கக்கூடாது. எல்லையைத் தாண்டி ஒருநாளும் வெளியே போயிருக்கக்கூடாது. இவை பொருந்தினால் போதும். வங்கி ஒரு பேரீச்ச மரத்தைக் கவுண்டரில் அமர்த்தியது. துறைமுகம், அதுவரை ஒப்பந்தம் எதுவும் இல்லாமலே வேலை பார்த்துவந்த கடல் ஏற்றவற்றத்தை நிரந்தரப் பணியாளராக்கியது. நிரந்தரமானதிலிருந்து அது வெள்ளிக்கிழமைகளில் விடுப்பு எடுத்துக்கொள்கிறது. கப்பல்காரர்கள் அதற்கேற்ப வந்துபோகப் பழகிவிட்டார்கள்.

குளிர்க்கிடங்குக் கம்பெனியின் காலியிடத்துக்கு மூன்று மணல்மேடுகளிடமிருந்து விண்ணப்பம் வந்திருந்தது. ரோஸ்லெட்டும், செயல்பாட்டுப் பிரிவின் மேலாளர் குரியனும் கம்பெனி ஜீப்பில் நாற்பது கிலோமீட்டர் பாலைவனத்துக்குள் போய் நேர்முகத் தேர்வு நடத்தினார்கள். முதல் மேடு, இவர்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே இடம் மாறியது. ஓரிடத்தில் தரிக்காத ஆள் என்று குறித்துக்கொண்டார்கள். இரண்டாவது மேட்டின் மணலில் பாதி பக்கத்து நாட்டிலிருந்து வந்தது என்று தெரிந்ததால் அதைச் சட்டப்படி எடுக்க முடியாது. மூன்றாவதுதான் ஷம்ஸா. இரண்டு மாடி உயரம், நல்ல தேன் நிறம்.

"எங்க கம்பெனியில ஏன் சேர விரும்புறீங்க?" என்று ரோஸ்லெட் கேட்டாள். ஷம்ஸா நாற்பது நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது குரியன், "ஒரு வார்த்தை சம்சாரிக்காத ஆளை ஹெச்.ஆர்.ல எடுத்தா சரியாகுமா மேடம்?" என்றார். கோட்டயத்துக்காரர், தமிழைத் தன் வழிக்கு வளைத்துப் பேசுவார்.

"பத்தொம்பது வருசமா இந்தக் கம்பெனியில இருக்கேன் சார். இண்டர்வியூல பொய் சொல்லாத ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றாள் ரோஸ்லெட்.

ஷம்ஸா தேர்வானது.

புதிய ஊழியரை வீட்டிலிருந்து அழைத்துவருவது கம்பெனியின் பொறுப்பு. டிப்பர் லாரிகள் ஒன்பது நாட்களில் முந்நூற்று எண்பது நடை அடித்தன. முதல் லாரி வந்த நாளைச் சேர்ந்த நாளாகக் கொள்வதா, கடைசி லாரி வந்த நாளையா என்று அலுவலகத்தில் கொஞ்சம் விவாதம் நடந்தது. உடம்பில் பாதி மட்டும் வந்த ஊழியரை வந்தவராகக் கருத முடியாது என்று ரோஸ்லெட் விதியைக் காட்டிச் சொன்னாள். கிடங்குக்கும் அலுவலகக் கட்டடத்துக்கும் நடுவில் இருந்த கார் நிறுத்துமிடம் ஷம்ஸாவுக்கு ஒதுக்கப்பட்டது. கொட்டிவைத்த மணல், அன்று பிற்பகல் அடித்த காற்றில், தன்னைத்தானே சீர்செய்துகொண்டு பழைய உருவத்துக்கு வந்துவிட்டது.

ரோஸ்லெட்டுக்கு ஐம்பத்தொரு வயது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊரில் வீடு. கணவர் டென்னிசன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். டைப்பிஸ்ட்டாக இங்கே வந்தவள், ஒவ்வொரு படியாக ஏறி மேலாளர் நாற்காலிக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. ஷம்ஸாவைச் சேர்த்த அன்றே அவளிடம் இன்னொரு தாளிலும் கையெழுத்து வாங்கினார்கள். பயிற்சி பெறுபவர் தகுதியடைந்தால் பயிற்சி கொடுத்தவரின் இடத்துக்கு வருவார், பயிற்சி கொடுத்தவரின் விசா அத்துடன் முடியும் என்று அதில் இருந்தது. ஊரில் எல்லாக் கம்பெனியிலும் இதே தாள்தான். அவள் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.

அன்று சாயங்காலம் போனில் கணவரிடம் சொன்னாள்.

"புதுசா ஆளு வந்தாச்சு. ஒரு வருசம் படிச்சுக் குடுக்கணும். அது படிச்சாச்சுன்னா எனக்கு டிக்கெட்டு."

"நல்லாப் படிக்குமா?"

"பாத்தா நல்லாப் படிக்கும் போலத் தெரியுது."

"செரி, சொல்லிக்குடு. அரைகொறையாச் சொல்லிக்குடுத்தா ஒனக்கு ஒறக்கம் வராது" என்றார் டென்னிசன்.

மறுநாள் முதல், காலை எட்டிலிருந்து பத்து வரை, மேட்டின் அடிவாரத்தில் ஒரு நாற்காலியும் பெரிய குடையும் போட்டு ரோஸ்லெட் தொழிலாளர் சட்டத்தை உரக்க வாசித்தாள். ஒரு நாளுக்கு நான்கு விதி. வாசித்த பக்கத்தை மணலில் வைப்பாள். ஷம்ஸா அதை மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் விதியின் எண்ணைச் சொல்லிக் கேட்டால் அந்தப் பக்கம் மேலே வரும். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு தவறான பக்கம் ஒன்றுகூட வரவில்லை. கட்டடத்தில் இடமில்லாமல் மாடிப்படிக்கு அடியில் அட்டைப்பெட்டிகளில் கிடந்த பழைய கோப்புகளையும் ரோஸ்லெட் அதனிடம் ஒப்படைத்தாள். இருபது வருடத்துக் காகிதம். ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது.

ஆரம்பத்தில் சில பிழைகள் இருந்தன. ஏப்ரல் மாதத்தில் கேன்டீன் பருப்புக் குழம்பில் மணல் கிடக்கிறது என்று சமையல்காரர் புகார் கொடுத்தார். ரோஸ்லெட் ஷம்ஸாவிடம் போய், மனிதவள அலுவலர் எல்லாப் பிரிவுக்கும் போய்வருவது நல்ல பழக்கம்தான் என்றும், ஆனால் முன்கூட்டித் தகவல் கொடுக்க வேண்டும் என்றும், சாப்பாட்டு வேளையைத் தவிர்க்க வேண்டும் என்றும் எடுத்துச் சொன்னாள். அதற்குப் பிறகு ஷம்ஸா செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மட்டும் கேன்டீனுக்கு வந்துபோனது. சமையல்காரர் அந்த நேரத்தில் பாத்திரங்களை மூடிவைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைப்பார்.

ஊழியர்கள் மேட்டில் ஏற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. லோடிங் பிரிவில் இருந்த பிகாஷ் என்ற நேபாளிதான் முதலில் ஏறினான். மதிய இடைவேளையில் ஏறி, உச்சியில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, இறங்கி வேலைக்குப் போனான். மறுநாள் மூன்று பேர் ஏறினார்கள். மே மாதம் முடிவதற்குள் டோக்கன் கொடுக்கும்படி ஆகிவிட்டது. அங்கே உட்கார்ந்து அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது ஷம்ஸாவுக்குத்தான் தெரியும். எத்தனை பேர் ஏறினாலும், அடுத்த நாள் காலையில் மேட்டில் ஒரு காலடித் தடம் இருக்காது. துடைத்துவைத்த மாதிரி இருக்கும்.

அதற்கு முன்பு அவர்கள் ரோஸ்லெட்டின் அறைக்குத்தான் வருவார்கள். அந்த அறைக்குச் சுவரெல்லாம் கண்ணாடி. யார் உள்ளே போனார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்களா என்பது வராந்தா முழுக்கத் தெரிந்துவிடும். திரைச்சீலை வேண்டும் என்று ஆறு வருடமாக எழுதிக் கேட்டாள். கிடைக்கவில்லை. ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் அறைக்கு ஒருவரும் வரவில்லை. அன்றைக்குத்தான் பல வருடங்களுக்குப் பிறகு மத்தியானச் சோற்றைச் சூடாகச் சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு, யாராவது வருகிறார்களா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபரில் இசக்கிராஜின் விடுப்பு விவகாரம் வந்தது.

இசக்கிராஜ் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். சாத்தான்குளம் பக்கம். அவன் மனைவி பஞ்சாயத்துத் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு நின்றாள். கூட நின்று ஓட்டுக் கேட்கவும், தன் ஓட்டைப் போடவும் பன்னிரண்டு நாள் விடுப்புக் கேட்டிருந்தான். குரியன் மறுத்துவிட்டார். மீன் சீசன் தொடங்கியிருந்தது. கண்டெய்னர்கள் வரிசையில் நின்றன.

ரோஸ்லெட் அவரிடம் போய்ப் பேசிப் பார்த்தாள்.

"மேடம், பொண்டாட்டி எலெக்ஷனுக்கு லீவுன்னு எந்த ரூல்ல இருக்கு? காட்டுங்க, நான் கையொப்பிடறேன்" என்றார் குரியன்.

விதியில் அப்படி எதுவும் இல்லை. ரோஸ்லெட் திரும்பி வந்து, மறுப்புக் கடிதத்தை டைப் செய்யச் சொன்னாள். இசக்கிராஜ் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினான். வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குத்தான் டோக்கன். அவன் அரைமணி நேரம் இருந்தான். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

மறுநாள் காலை ஷம்ஸா தன் இடத்தில் இல்லை. கிடங்கின் மூன்றாவது வாசலுக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தது. பதினாறு லாரிகள் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. குரியன் வேகமாக ரோஸ்லெட்டின் அறைக்கு வந்தார்.

"உங்க ஸ்டாஃப் என்ட கேட்டை அடைச்சு வச்சிருக்கு."

ரோஸ்லெட் கையேட்டைப் புரட்டிப் பார்த்தாள். "மனிதவளப் பிரிவு எந்த மேலாளரோடயும் பேசணும்னு எழுத்துமூலமா அழைக்கலாம்னு இருக்கு சார். அதுக்கு எழுத வராது. அதனால நேருல வந்திருக்கு. உங்களக் கூப்பிடுதுன்னு நெனைக்கேன்."

விதி என்றால் குரியன் மதிப்பார். ஷூவைக் கழற்றாமலே ஏறினார். பாதி உயரம் போனதும் முழங்கால் வரை புதைந்து அங்கேயே நின்றுவிட்டார். ரோஸ்லெட் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிக்காரர்களும் ஹாரனை நிறுத்திவிட்டு இறங்கி நிழலில் நின்றார்கள். வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குரியனின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு நீல நிறத் தாள் மேலே வந்தது. அவர் குனிந்து எடுத்து வாசித்தார். இரண்டாவது முறையும் வாசித்தார். பிறகு மணல் அவருடைய காலை விட்டது.

இறங்கி வந்து தாளை ரோஸ்லெட்டிடம் கொடுத்தார். பதினெட்டு வருடத்துக்கு முந்திய விடுப்பு விண்ணப்பம். குரியனின் கையெழுத்து, இன்னும் இளமையாக, சாய்வாக. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், பதினைந்து நாள் வேண்டும் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே டைப் செய்த ஒரே வரி: 'தற்போது பரிசீலிக்க இயலவில்லை.' அந்த வரிக்கும் கீழே, டைப் செய்தவரின் முதலெழுத்தாக, பொடியாக ஓர் ஆங்கில 'ஆர்'.

குரியன் அந்த எழுத்தைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

"அம்மை கட்டு அவிழ்த்தப்போ, ஆரெல்லாம் வந்திருக்கான்னு கேட்டாளாம்" என்றார். பிறகு, "இசக்கிராஜிண்ட பேப்பரைக் கொடுங்க" என்றார்.

கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு மணிக்குள் வாசல் திறந்துவிட்டது. ஷம்ஸா தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. பயிற்சிப் பதிவேட்டில் ரோஸ்லெட் 'குறைதீர்ப்பு: ஒன்று; முடிந்தது' என்று எழுதினாள்.

இசக்கிராஜ் சொன்ன நாளில் திரும்பி வந்தான். பதினொரு ஓட்டில் தோற்றுவிட்டார்களாம். முகத்தில் அதற்கான வருத்தமே இல்லை. "மூணாம் நம்பர் பூத்துல நாங்கதான் மேடம் லீடிங்கு. அடுத்த தடவ பாருங்க" என்றான். ஆனால் இதை அவன் ரோஸ்லெட்டிடம் சொன்னது இரண்டாவதாகத்தான். காலையில் வந்ததும் முதலில் மேட்டில் ஏறிச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான். கால்சட்டை ஓரத்தில் மணல் ஒட்டியிருந்தது.

மார்ச் மாதம் வந்தது. வியாழக்கிழமை பத்ரிய்யா இறுதி மதிப்பீட்டுக்கு வருவதாகக் கடிதம் வந்திருந்தது. புதன்கிழமை காலையில் குரியன் தேநீர்க் கோப்பையோடு ரோஸ்லெட்டின் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஒரு காரியம் சொல்லட்டே மேடம். 'இன்னும் ஓராண்டுப் பயிற்சி தேவை'ன்னு எழுதுங்க. துறைமுகத்துக்காரன் எழுதியில்லையா? வங்கியில அந்தப் பேரீச்சைக்கு இது மூணாமத்த வருஷப் பயிற்சி. ஆரும் கேட்கமாட்டாங்க."

"உண்மைதான் சார்."

"நீங்க போனா இங்க எனக்கு விதி சொல்லித்தர ஆருமில்லை" என்று சொல்லிவிட்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் இதற்கு மேல் அன்பாகப் பேசி ரோஸ்லெட் கேட்டதில்லை.

நாலு மணிக்கு ரோஸ்லெட் வரிசையில் நின்று டோக்கன் வாங்கினாள். முன்னால் நின்ற இரண்டு பேர் விலகி வழிவிடப் பார்த்தார்கள். வேண்டாம் என்றாள். ஒரு வருடமாக அடிவாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள், ஒருநாளும் மேலே ஏறியதில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து ஏறினாள். மேல்மணல் சுட்டது; காலை அழுத்தினால் உள்ளே குளிர்ந்திருந்தது. உச்சியிலிருந்து பார்த்தால் கிடங்கின் தகரக் கூரையும், அதற்கப்பால் கடலும் தெரிந்தன. தன்னுடைய கண்ணாடி அறையும் தெரிந்தது. காலி நாற்காலி ஒன்று அதில் இருந்தது.

முதலில் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். பிறகு தன் பேச்சுக்கு வந்துவிட்டாள்.

பரிசீலிக்க இயலவில்லை என்ற வரியை எத்தனை தடவை டைப் செய்தோம் என்பது தெரியவில்லை என்றாள். முதல் வருடங்களில் மேலே இருந்தவர் சொன்னதைத்தான் அடித்தாள்; பிறகு யாரும் சொல்லாமலே விரல் அந்த வரியை அடிக்கப் பழகிவிட்டது. குரியனின் அம்மையை அவளுக்குத் தெரியாது. விண்ணப்பத்தில் கண் ஆபரேஷன் என்று இருந்ததும் நினைவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது. போக மனமில்லை என்றும் சொன்னாள். ஊரில் வீடு இருக்கிறது, கணவர் இருக்கிறார், கொய்யா காய்க்கிறது. ஆனால் காலை எட்டு மணிக்கு யாராவது ஒரு தாளை நீட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்கவில்லை என்றால் தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாது. 'ஓராண்டு தேவை' என்று எழுதிவிடலாமா என்று காலையிலிருந்து யோசிப்பதாகவும் சொன்னாள்.

ஷம்ஸா கேட்டுக்கொண்டிருந்தது. காற்று ஓரிரு முறை மணலை வரிவரியாக்கிவிட்டுப் போனது. பத்து நிமிடம் ஆனதும் ரோஸ்லெட் எழுந்து இறங்கினாள். அடுத்த டோக்கன்காரர் ஏறினார்.

வியாழக்கிழமை காலை வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டாள். நேராக மேட்டுக்குப் போய்ப் பார்த்தாள். தன் தடங்கள் மட்டும் எங்காவது லேசாக மிஞ்சியிருக்கும் என்று மனதுக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்க வேண்டும். ஒரு வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தவள் அல்லவா. ஒன்றும் இல்லை. பிகாஷின் தடம் எப்படி அழிந்ததோ அப்படியே அவளுடையதும் அழிந்திருந்தது. மேலாளர், லோடிங்காரன் என்ற வித்தியாசம் வைக்கவில்லை. அதைச் சுற்றி ஒருமுறை நடந்துவந்தாள். மனசு சட்டென்று லேசாகிவிட்டது. கையேட்டில் எங்கும் எழுதியிராத பாடம் அது. அவளே அதை முழுசாகக் கடைப்பிடித்ததில்லை.

பத்ரிய்யா பத்து மணிக்கு வந்தாள். மதிப்பீட்டுப் படிவத்தில் பத்துக் கேள்விகள். ஒன்பதுக்கும் ரோஸ்லெட் மடமடவென்று எழுதினாள். பத்தாவது: 'இந்த ஊழியர் உங்கள் வேலையைச் செய்வாரா?' அதற்கு, 'செய்யும். சில விஷயங்களில் என்னைவிட நன்றாகச் செய்யும்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

பத்ரிய்யா வாசித்துவிட்டுப் பேனாவை மூடினாள். "பெரும்பாலும் எல்லோரும் ஒரு வருடம் கேட்பார்கள், சிஸ்டர்."

"தெரியும்மா."

"உங்களுக்கு வேண்டுமா?"

"வேண்டாம்."

பத்ரிய்யா மேட்டின் அடிவாரத்துக்குப் போய்ப் பதவி உயர்வு ஆணையை மணலில் வைத்தாள். ஷம்ஸா அதை உள்ளே எடுத்துக்கொண்டது. கேன்டீனில் கேக் வெட்டினார்கள். குரியன் ரோஸ்லெட்டுக்கு ஒரு சூட்கேஸ் வாங்கிவந்திருந்தார். சக்கரத்தை உருட்டிக் காட்டி, நல்ல சக்கரம் என்றார். இசக்கிராஜும் பிகாஷும் அவளுடைய மேசையைக் காலிசெய்ய உதவினார்கள். மேலாளர் அறையின் கண்ணாடியெல்லாம் அடுத்த வாரத்துக்குள் மணலடித்து மங்கி, உள்ளே யார் இருந்தாலும் வெளியே தெரியாதபடி ஆகிவிட்டது.

விசா முடிய ஆறு நாள் இருக்கையில் பத்ரிய்யா போன் செய்து, தன் அலுவலகத்துக்கு வரச் சொன்னாள். போனபோது மேசைமேல் ஒரு கடிதம் இருந்தது. கம்பெனியின் தாள். கீழே கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் காற்று வரைந்த மாதிரி மூன்று நெளிகோடுகள். மனிதவள மேலாளர் ஷம்ஸாவின் முதல் கடிதம்; இதற்குள் அது எழுதவும் பழகியிருந்தது.

"ஷம்ஸா இங்கே வந்ததிலிருந்து பாலைவனத்தில் அதன் இடம் காலியாக இருக்கிறது" என்றாள் பத்ரிய்யா. "வரைபடத்தில் அங்கே ஒரு மேடு உண்டு. ஒட்டகம் மேய்ப்பவர்கள் அதை வைத்துத்தான் திரும்புவார்கள். ஒரு வருடமாகத் தப்பான இடத்தில் திரும்புகிறோம் என்று புகார் வந்துகொண்டே இருக்கிறது. உள்ளூரில் யாரும் மிச்சமில்லை. வெளிநாட்டவரை எடுக்க அனுமதி கொடுத்துவிட்டோம். மேலாளர் உங்கள் பெயரைத்தான் பரிந்துரைத்திருக்கிறது."

ரோஸ்லெட் கடிதத்தை வாசித்தாள். பதவி: மணல்மேடு (பொறுப்பு). வேலை நேரம்: காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு வரை. போக்குவரத்து கம்பெனியைச் சேர்ந்தது. ஆண்டுக்கு முப்பது நாள் விடுப்பு, விண்ணப்பித்தால் மறுக்கப்படாது. அந்தக் கடைசி வரி எந்தக் கையேட்டிலும் இல்லாதது. அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, பேனா கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்குக் கம்பெனி ஜீப் அவளை நாற்பது கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிட்டுப் போனது. குறித்த இடத்தில் போய் நின்றாள். பக்கத்து மேடுகள் பழைய ஊழியர்கள். ஒன்று மரியாதையாகக் கொஞ்சம் விலகி இடம்விட்டது. ஏழு மணிவாக்கில் ஒட்டகம் மேய்க்கும் ஒருவர் இருபது ஒட்டகங்களோடு வந்தார். அவளைப் பார்த்ததும் சரியாக வலது பக்கம் திரும்பினார். வெயில் ஏறியதும் திரும்பி வந்து, அவள் நிழலில் உட்கார்ந்து, தன் மகளின் கல்லூரி இடம் பற்றி வெகு நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கைகளை எங்கே வைப்பது என்ற கேள்வியே வரவில்லை.

முதல் வாரம் முடிந்த சாயங்காலம் டென்னிசன் போனில் கேட்டார்.

"வேலை எப்பிடி இருக்கு?"

"நல்ல வேலையாக்கும். காத்து உண்டு. ஆளுக வந்து பேசிட்டுப் போறாவ."

"நகரணுமோ?"

"வருசத்துக்குப் பதினஞ்சு மீட்டர். எந்தப் பக்கமுன்னு அவுங்க சொல்லல்ல. நான் தென்கிழக்கப் பாத்து நகரலாமுன்னு நெனைக்கேன்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தமும், பென்சில் கிறுகிறுவென்று ஓடும் சத்தமும் கேட்டன. அவள் காத்திருந்தாள்.

"ரெண்டாயிரத்தி எண்ணூறு கிலோமீட்டர். ஒரு லெச்சத்தி எம்பத்தாறாயிரத்தி அறுநூத்தி அறுபத்தேழு வருசம் ஆவும். நடுவுல கெடக்க கடல நான் கூட்டல்ல."

"அதுக்கிடையில லீவுக்கு வருவேன்லா."

"அது வா. அதில்ல இப்பப் பிரச்சன" என்றார் டென்னிசன். "நம்ம முன்கேட்டு எட்டடியாக்கும். மேடா வந்தேன்னா அதுக்குள்ள கேறாது. நாளைக்கே கொத்தனாரக் கூப்பிட்டு ஒரு பக்கத்துத் தூண எடிக்கச் சொல்லுதேன்."

ரோஸ்லெட் கொஞ்சம் யோசித்தாள்.

"எடது பக்கத்துத் தூண எடிங்க" என்றாள். "வலது பக்கம் கொய்யா நிக்குல்லா."